மோர்ப் பந்தல் இல்லாத மலை

கிறிஸ்துராஜைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது. நூம்பலில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சுவரைத் தாண்டி அவன் பேச்சு வந்துகொண்டிருக்கிறது. எல்லாம் ஒரே விஷயம்தான், அவன் நடந்த கதை.

நான் கலியமூர்த்தி. ஐயப்பன்தாங்கல் டிப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தோரு வருஷம் ஓடுகிற வண்டியில் நின்றிருக்கிறேன். பஸ் இருக்கும்போது நடக்கிறவனைப் பார்த்தால் எனக்கு ஆகாது. வழியில்லாமல் நடக்கிறவர்களைச் சொல்லவில்லை. நடப்பதையே ஒரு பதவி மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறவர்களைச் சொல்கிறேன்.

கிறிஸ்துராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து போல்ட்டும் வாஷரும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அங்கே அவனை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார்கள், "ஸ்டோரு" என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் ஆகஸ்ட் மாதம் பாதி போனதும் ஆளே மாறிவிடுவான். பூந்தமல்லிப் பக்கத்துக் கோயிலிலிருந்து வேளாங்கண்ணிக்குக் கிளம்புகிற பாதயாத்திரையில் மாதா படம் போட்ட நீலக் கொடியைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடப்பவன் இவன்தான். பதினோரு நாள் ராஜாங்கம். மிச்ச நாளெல்லாம் அதைப் பற்றிய பேச்சு.

கொடிக்காரனுக்குச் சட்டதிட்டம் உண்டு. கொடியை முந்தி யாரும் போகக் கூடாது. கொடி தரையில் படக் கூடாது. கொடிக்காரன் கையில் கொடியைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது, தண்ணீர் பாட்டில்கூட. மாதா பார்த்துக்கொள்வாளாம். நிஜத்தில் பார்த்துக்கொண்டது ரோட்டோர ஜனங்கள். திண்டிவனத்தில் ஒருவர் வாழைப்பழத் தாரோடு நிற்பார். கடலூரில் ரஸ்னா. சிதம்பரம் தாண்டினால் பானகம், சீர்காழியில் இஞ்சி தட்டிப் போட்ட மோர். மைல் கணக்கில் பந்தல் போட்டு, டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, குடிங்க குடிங்க என்று கெஞ்சுவார்கள். இவன் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு போவான். அந்த மோரை யார் கடைந்தார்கள், தண்ணீரை எங்கேயிருந்து இழுத்து வந்தார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்கிற வேலையெல்லாம் அவன் மனைவி எவாஞ்சலினுக்கு.

"அவரு நடப்பாரு. வந்ததும் நான் கால் அமுக்கணும். மாதா யாருக்கு வரம் குடுக்குறாங்கன்னே தெர்ல," என்பாள் எவாஞ்சலின், தையல் மெஷினை நிறுத்தாமலே.

போன வருஷம் ராஜாங்கம் ஆட்டம் கண்டது. சிதம்பரத்துக்கு முன்னால் முழங்கால் மடங்கி நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டான். கொடி தரையில் விழுந்தது. பின்னால் வந்த நூற்றிருபது பேரும் மழையில் நின்றார்கள். கோயில் இளைஞர்கள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவன் ரிச்சர்ட், முப்பது வயதுப் பையன், சொந்தமாக வேன் ஓட்டுகிறவன். இந்த ஏப்ரலில் வீடு தேடி வந்து சொன்னான்.

"பெருசு, இந்த வருசம் நீ வண்டில குந்திகினு வா. பாத்திரம் பண்டத்தப் பாத்துக்க. கொடிய நான் புடிக்கிறேன்."

சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபத்து நாலு வருஷம் பிடித்தவனுக்கு இருபத்தைந்தாவது வருஷம் கிடையாது. கிறிஸ்துராஜ் அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. எவாஞ்சலின் வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள், நான் ஏதாவது பேசுவேன் என்று நினைத்தோ என்னவோ. நான் பேசவில்லை.

இந்த நேரத்தில்தான் சரவணக்குமார் வந்து சேர்ந்தான். வயல் இருந்த இடத்தில் எழும்பியிருக்கிற ஒன்பது மாடி ஃபிளாட்டில் ஏழாவது மாடி. ஈரோட்டுப் பக்கத்துக்காரன், ஐ.டி.யில் வேலை. அந்த ஃபிளாட்டு ஜனங்களை எனக்கு நன்றாகத் தெரியும். கேட்டுக்கு எதிரே இருக்கிற கடைக்குப் பால் வாங்க ஸ்கூட்டரில் வருவார்கள். பஸ் ஸ்டாப் எங்கே என்று கேட்டால் தெரியாது. இவர்களுக்குத்தான் திடீரென்று நடக்க ஆசை வந்துவிட்டது. அதுவும் இங்கே நடந்தால் ஆகாதாம். மலை வேண்டும், மேகம் வேண்டும், பின்னால் படம் எடுக்க ஒரு பள்ளத்தாக்கு வேண்டும். "குடும்ப நடை விடுமுறை" என்று சரவணக்குமார் ஒரு நோட்டீஸ் அடித்து லிஃப்டில் ஒட்டினான். ஜவ்வாது மலையில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊர் வரை இயற்கையை ரசித்தபடி நடப்பது, ராத்திரி கூடாரம், மறுநாள் திரும்புவது. காசு கட்டி நடக்கப் போகிற நான்கு குடும்பம், பதினோரு பேர், உடனே சேர்ந்துவிட்டார்கள்.

ரிச்சர்டின் வேனைத்தான் பேசினான். முன்னால் நடத்திக்கொண்டு போக அனுபவம் உள்ள ஆள் வேண்டும் என்று கேட்டபோது, ரிச்சர்டுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"பெருசு, இவங்கள நல்லபடியா கூட்டினு போய் கூட்டினு வா. உன் முட்டி தாங்குதா பாக்கலாம். ஒயுங்கா முடிச்சிட்டன்னா கொடி உனுக்குத்தான். நான் பசங்ககிட்ட பேசுறேன்."

அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மீன் குழம்பு வாசனை வந்தது.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றான். பாதயாத்திரையில் கடைசியாக நடக்கிற ஒருவன் உண்டு. யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு, யாராவது உட்கார்ந்தால் விசில் அடிக்க வேண்டும். விசில் சத்தம் கேட்டால் கொடி நிற்கும். அந்த வேலைக்கு என்னைக் கூப்பிட வந்திருந்தான்.

"அண்ணாத்தே, உன்னாண்ட விசில் கீது இல்ல? நீ பின்னால வா. வேற யாரையும் எனக்கு நம்பிக்கை இல்ல."

"நான் எதுக்குப்பா? எனக்கு பஸ்ஸே போதும்."

"எனுக்காக வா அண்ணாத்தே. இது போச்சுன்னா கொடி போச்சு."

போனேன். அவனுக்காகப் போனேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வேடிக்கை பார்க்கப் போனேன். என் பழைய தோல் பையில், டிக்கெட் கட்டு வைக்கிற இடத்தில், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டேன். முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம் அது. தண்ணீர் இல்லாமல் வண்டி ஏற மாட்டேன்.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. காலை நாலு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. ஒருத்தர் பவர் பேங்க்கை மறந்து மேலே ஓடினார், ஒருத்தர் தொப்பியை. கிளம்பும்போது மணி ஆறரை. வேலூரில் டிபன் என்று ஒன்றேகால் மணி நேரம். மலை மேல் இறங்கும்போது பதினொன்று ஆகிவிட்டது. எல்லார் காலிலும் புதுச் செருப்பு, புது பூட்ஸ், கையில் இன்னும் விலைச் சீட்டு கிழிக்காத கைத்தடி. ஒருவர் வைத்திருந்த பாட்டிலின் மூடியில் உள்ளே இருக்கிற தண்ணீரின் சூடு எண்ணாகத் தெரிந்தது. அதை எல்லாருக்கும் காட்டினார்.

வேனின் பின்பக்கத்தில் இரண்டு இருபது லிட்டர் கேன் இருந்தது. சரவணக்குமார் ஆளுக்கொரு பாட்டில் நிரப்பிக்கொள்ளச் சொன்னான். அங்கேதான் கிறிஸ்துராஜ் வாய் திறந்தான்.

"இன்னாத்துக்கு சார் சுமை? கைய வீசிகினு நடக்கணும், அப்பத்தான் நடை. வழில ஊர் கீதா?"

சரவணக்குமார் போனில் தடவிப் பார்த்தான். "மூணு ஊரு காட்டுதுங்க. பதிமூணு கிலோமீட்டர்தான்."

"ஊர் கீதுன்னா மோர் கீது. குடுப்பாங்க சார். நான் இருபத்து நாலு வருசமா நடக்கிறேன், ஒரு பாட்டிலு தூக்குனது இல்ல. கேட்டுப் பாருங்க அண்ணாத்தைய."

நான் தலையாட்டினேன். அவன் சொன்னது பொய் இல்லையே. ரோட்டோரத்தில் பந்தல் போட்டு நின்றவர்கள் மாதாவுக்காக நின்றார்கள், இந்த மலைக்காரர்கள் யாருக்காக நிற்கப் போகிறார்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சரவணக்குமார் கைதட்டி, "எல்லாரும் பையை வண்டில வெச்சிருங்க, வெறுங்கை நடை, அதுதான் கான்செப்ட்," என்று தானே கண்டுபிடித்த மாதிரி அறிவித்தான். படித்தவர்கள், பெரிய கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள், பதினோரு பேரும் ஒரு ஸ்டோர் கீப்பர் சொன்னதைக் கேட்டுப் பையை வண்டியில் வைத்தார்கள். கையில் கிடந்த மூன்று நான்கு குட்டிப் பாட்டில்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ரிச்சர்ட் வேனை எடுத்துக்கொண்டு முப்பது கிலோமீட்டர் சுற்றி அடுத்த ஊருக்குப் போனான்.

நடை ஆரம்பித்தது. முன்னால் கிறிஸ்துராஜ். கொடி இல்லாத கையை நெஞ்சுக்கு நேரே தூக்கியபடியே நடந்தான், பழக்கத்தில். எனக்குச் சிரிப்பு வந்தது. நடுவில் ஃபிளாட்டு ஜனங்கள், பத்தடிக்கு ஒரு படம். கடைசியில் நானும் சரவணக்குமாரின் மகள் ஸ்வாதியும். ஒன்பது வயது. அப்பாவும் அம்மா மோகனப்பிரியாவும் படம் எடுக்கிற மும்முரத்தில் முன்னால் போய்விட, குழந்தை என்னோடு ஒட்டிக்கொண்டது.

"தாத்தா, பஸ்ல எல்லாரும் உங்க பேச்சைக் கேப்பாங்களா?"

"விசில் அடிச்சா டிரைவர் கேப்பாரு. மத்தவங்க யாரும் கேட்டதில்ல."

விசிலை வாங்கி ஊதிப் பார்த்தாள். முன்னால் கிறிஸ்துராஜ் சட்டென்று நின்றான். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன். அவள் கைகொட்டிச் சிரித்தாள்.

ஒரு மணி நேரத்தில் குட்டிப் பாட்டில்கள் காலி. முதல் ஊர் வந்தது. நான்கு வீடு, நான்கிலும் பூட்டு. எல்லாரும் எங்கோ வேலைக்குப் போயிருந்தார்கள். கிறிஸ்துராஜ் கொஞ்ச நேரம் தெரு நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான். யாரோ டம்ளரோடு ஓடி வரப் போகிறார்கள் என்று அவன் நிஜமாகவே எதிர்பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்கவே நான் வந்திருந்தேன். நன்றாகப் பார்த்தேன்.

"அடுத்த ஊர்ல கீது சார்," என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அடுத்த ஊர் போனில்தான் இருந்தது. நிஜத்தில் அது பாதையைவிட்டு எங்கோ கீழே பள்ளத்தில் இருந்தது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மலை என்றால் குளிரும் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு மண்டை காய்ந்தது. போனில் சிக்னல் இல்லை. ஒருத்தருக்கொருத்தர் சிடுசிடுத்தார்கள். மூடியில் எண் தெரிகிற பாட்டில் அப்போதும் எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது, உள்ளே ஒன்றும் இல்லாமல்.

நான் ஒதுங்குகிற மாதிரி இரண்டு தடவை புதர்ப் பக்கம் போனேன். பையைத் திறந்து குடித்தேன். மூடியைத் திருகி, பையை மூடி, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

"தாத்தா, மோர் எப்ப வரும்?" என்றாள் ஸ்வாதி. உதடு வெளுத்திருந்தது.

"முன்னால போறாரே, அந்த மாமாவைக் கேளு. அவருதான் ராஜா."

அப்படித்தான் சொன்னேன். ஒரு குழந்தை போய்க் கேட்டு அவன் தலை குனிய வேண்டும் என்று எனக்கு ஆசை. இருபத்திரண்டு வருஷம் சீர்காழி மோர்க் கதையைக் கேட்டவனுக்கு அது ஒரு நிமிஷச் சுகம். குழந்தை ஓடப் பார்த்தாள். நான்கு அடி வைத்தாள். அப்படியே மண்ணில் சரிந்து வாந்தி எடுத்தாள், பிறகு கண் செருகிவிட்டது.

விசில் எங்கே என்று தேடினேன். அது அவள் கையில் இருந்தது. விரலைப் பிரித்து எடுத்து ஊதினேன்.

முதலில் வந்து சேர்ந்தவன் கிறிஸ்துராஜ். அந்த முழங்காலோடு அவ்வளவு தூரம் ஓடி வந்திருந்தான். குழந்தையை நிழலுக்குத் தூக்கினான். தன் சட்டையைக் கழற்றி விசிறினான். "தண்ணி, யார்கிட்டயாவது தண்ணி," என்று சுற்றிச் சுற்றிக் கேட்டான். எல்லாரும் காலிப் பாட்டிலை ஆட்டினார்கள். மோகனப்பிரியா அலறினாள்.

நான் பையைத் திறந்து பாட்டிலை எடுத்தேன்.

பாதிக்கும் கொஞ்சம் கீழே இருந்தது. கிறிஸ்துராஜ் அதை வாங்கும்போது தண்ணீர் நின்ற மட்டத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். சட்டை நுனியை நனைத்துக் குழந்தையின் நெற்றியில் வைத்து, சொட்டுச் சொட்டாக வாயில் விட்டான். கொஞ்ச நேரத்தில் அவள் கண் திறந்தாள்.

அவளை அம்மா மடியில் கிடத்திவிட்டு அவன் மட்டும் பாதையோடு மேலே ஓடினான். முக்கால் மணி நேரம் கழித்துத் தோளில் ஒரு குடத்தோடு திரும்பினான். பின்னால் ஒரு பெண்ணும் இடுப்பில் இன்னொரு குடத்தோடு வந்தாள். மூன்றாவது ஊரில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தவள். அவள் வீட்டுக்குத் தண்ணீர் ஒரு கிலோமீட்டர் கீழே உள்ள கிணற்றிலிருந்து வர வேண்டும். காலையில் சுமந்து வைத்ததை அப்படியே எங்களுக்குக் கொடுத்துவிட்டாள். ஃபிளாட்டு ஜனங்கள் குடித்தார்கள், முகம் கழுவினார்கள், ஒருவர் காலையும் கழுவினார். அந்தப் பெண் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கிறிஸ்துராஜ் குடிக்கவில்லை. இரண்டு காலிக் குடத்தையும் தானே எடுத்துக்கொண்டு, "கெணறு எங்கம்மா?" என்று கேட்டுக் கீழே இறங்கினான்.

பையை மாட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன். பாதி வழியில் கேட்டான்.

"அண்ணாத்தே, அந்தத் தண்ணி எப்பலேர்ந்து கீது?"

"முதல்லேர்ந்து," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டான். அதற்கப்புறம் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சாயங்காலம் வேன் நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். குழந்தை பிஸ்கட் தின்றாள். சோறு உள்ளே போனதும் ஃபிளாட்டு ஜனங்களுக்கு நாக்கு திரும்பிவிட்டது. நிஜமான அனுபவம் என்றார் ஒருவர். இப்படி ஒன்று நடந்தால்தான் குழந்தைகளுக்கு வாழ்க்கை புரியும் என்றார் இன்னொருவர். சிக்னல் கிடைத்ததும் சரவணக்குமார் படங்களை ஏற்றினான், குடத்தோடு நின்ற பெண்ணின் படத்தையும் சேர்த்து. மோகனப்பிரியா மட்டும் அவனோடு பேசவில்லை. ரிச்சர்ட் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டுக் கிறிஸ்துராஜின் தோளைத் தட்டினான்.

"இன்னா பெருசு, சோக்கா முடிச்சிட்ட போலக்கீது. கொடி உனுக்குத்தான்."

அவன் பேசாமல் வாங்கிக்கொள்வான் என்றுதான் நினைத்தேன். யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. இருபத்தைந்தாவது வருஷம் கையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

"வேணாம்பா," என்றான் கிறிஸ்துராஜ். "தண்ணி கேன வண்டிலயே உட சொன்னது நான். அந்தக் கொயந்த போயிருக்கும். கொடிய நீ புடி."

ரிச்சர்ட் என் பக்கம் திரும்பினான். "நீயும் கூடத்தானே கீற? நீ இன்னா பண்ண?"

நான் வாயைத் திறப்பதற்குள் கிறிஸ்துராஜே சொன்னான். "அண்ணாத்தையாலதான் கொயந்த பொயச்சுது. அவரு பையில தண்ணி வெச்சிருந்தாரு."

மோகனப்பிரியா வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் நின்றேன். ஊர் திரும்பிய மறுநாள் ஃபிளாட்டு வாட்ஸ்அப்பில் என் படம் வந்ததாகச் சொன்னார்கள். பாலுக்கு வருகிறவர்கள் ஸ்கூட்டரை நிறுத்தி எனக்கு வணக்கம் சொன்னார்கள். அவர்களைப் பார்த்தாலே இளப்பமாகப் பேசுகிறவன் நான். பதில் வணக்கம் சொல்லக் கை எழவில்லை. எனக்கு என்மேல்தான் அருவருப்பாக இருந்தது.

ஆகஸ்டில் பாதயாத்திரை கிளம்புகிற அன்று விடியற்காலையில் கிறிஸ்துராஜ் என் வீட்டு வாசலுக்கு வந்தான். காவி வேட்டி, முழங்காலில் பட்டைத் துணி. கொடி ரிச்சர்டின் கையில் ஏற்கெனவே கோயில் வாசலில் இருந்தது. உள்ளே வாடா என்றேன். வரவில்லை.

"விசில் குடு அண்ணாத்தே. இந்த வாட்டி நான் பின்னால போறேன்."

கொடுத்தேன். அவன் போகவில்லை.

"அந்தப் பையையும் குடேன். பாட்டிலு நல்லா நிக்குது அதுல."

உள்ளே போய்ப் பையை எடுத்தேன். பாட்டிலைக் கழுவினேன். கழுத்து வரை நிரப்பினேன். மூடும்போது கொஞ்சம் வழிந்து கையெல்லாம் நனைந்தது. அவன் பையைத் தோளில் மாட்டி, விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தெருக்கோடிவரை நொண்டி நொண்டி நடந்து போனான். வேலப்பன்சாவடிக்குப் போகிற முதல் பஸ் காலியாக வந்தது. கை காட்டினால் நிறுத்தியிருப்பார்கள். அவன் காட்டவில்லை. நானும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.